அந்தச் செருப்பு யாருடையது? (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: நாங்கள் ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டில் குடியிருக்கிறோம். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது சாக்குத்துணியில் சுற்றி ஒரு படம் கிடைத்தது. வீட்டு ஓனரிடம் காட்டினால், “எங்களுதுதான், ஆனா வேணாம், நீங்களே வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டார். துணியில் வரைந்த படம், இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், கையெழுத்து இல்லை. ஒரு பெண் மணைப்பலகையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையில் சிக்கெடுக்கிறாள். கழுத்து கொக்குக் கழுத்து, கையில் முழங்கை என்ற ஒன்றே இல்லை, உடம்பு பச்சை. எதிரே ஆணியில் தொங்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது, ஆனால் கண்ணில் கருவிழி இல்லை. தரை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஒரு குடம், கொடியில் ஒரு புடவை. படத்தின் அடி ஓரத்தில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. என் மாமியார், “உள்ளே எவனோ இருக்கான், இதை நடுவீட்டுல மாட்டாதே” என்கிறார். நாத்தனார், “அது செத்துப்போன புருஷன் செருப்பு, பாவம்” என்கிறார். என் வீட்டுக்காரர், “வரையத் தெரியாதவன் வரைஞ்சது, பேப்பர்காரன்கிட்ட போடு” என்கிறார். உண்மையில் இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?
— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: போனில் எடுத்து அனுப்பியிருந்தீர்களே, அந்தப் போட்டோவை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அதுதான் முதல் வேலை.

உங்கள் வீட்டுக்காரரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். வரையத் தெரியாதவர் வரைந்தால் தப்பு ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் வரும், ஒரு கை குட்டையாகும், ஒரு காது ஏறிக்கொள்ளும். உங்கள் படத்தில் அந்தக் கழுத்தின் வளைவை விரலால் தடவிப் பாருங்கள் (தொடாமல், காற்றில்), அப்படியே கைக்கு வாருங்கள், அப்புறம் கொடியில் தொங்கும் புடவைக்கும் குடத்தின் கழுத்துக்கும் போங்கள். நான்கும் ஒரே வளைவு. இது தெரியாமல் வந்த கோணல் கிடையாது, முழங்கையை வைத்தால் அந்த வளைவு ஒடிந்துவிடும் என்பதால் முழங்கையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். பிரான்சின் மத்தீஸிடம் ஒரு பெண்மணி, உங்கள் படத்தில் இவளுக்குக் கை ரொம்ப நீளம் என்று சொன்னாராம், அதற்கு அவர் இது பெண் இல்லை அம்மா, படம் என்றாராம். அதே மத்தீஸ் 1905ல் தன் மனைவியின் முகத்தை வரைந்தபோது நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைக் கோட்டை இழுத்துவிட்டார், பாரீஸில் ஒரே கூச்சல். நமக்கு இதில் என்ன அதிர்ச்சி இருக்கிறது? மதுரை மீனாட்சி பச்சை, அவளை யாரும் உடம்பு சரியில்லாதவள் என்று நினைப்பதில்லை.

தரை நிமிர்ந்து நிற்பதும் அப்படித்தான். ராஜஸ்தான், முகலாயச் சிற்றோவியங்களில் ஆட்களைப் பக்கவாட்டிலிருந்தும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் கம்பளத்தை மேலிருந்தும் வரைந்திருப்பார்கள், ஏனென்றால் கம்பளத்தின் பூவேலை முழுதாகத் தெரிய வேண்டும். ஒரு பொருளை அது நன்றாகத் தெரியும் பக்கத்திலிருந்து காட்டுவது என்பது ஒரு பழைய, நியாயமான வழி. உங்கள் வீட்டுக்காரருக்கு இவ்வளவு போதும்.

இனி கண்ணாடி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கல்மண்டபத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போயிருப்பீர்கள். டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவருடைய கண் உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் கண் அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். இதில் ஒருவழிப்பாதை கிடையாது, வெளிச்சம் போகிற பாதையிலேயேதான் திரும்பி வரும். ஆகவே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம் கண்ணாடியில் நமக்கு நேருக்கு நேராகத் தெரிந்தால், அவள் அந்தக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லண்டன் நேஷனல் கேலரியில் ஸ்பெயின்காரர் வெலாஸ்கஸ் வரைந்த வீனஸ் படம் இருக்கிறது, அவளும் முதுகைக் காட்டிப் படுத்திருப்பாள், எதிரே ஒரு கண்ணாடி, அதில் முகம். தன் அழகைத் தானே பார்க்கிறாள் என்றுதான் வருகிறவர்கள் எல்லாம் நினைப்பார்கள். கணக்குப்படி அவள் பார்ப்பது அங்கே நிற்கிற ஆளை.

உங்கள் படத்தை வரைந்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு அக்கறையாகக் கருவிழியை மட்டும் எடுத்திருக்க மாட்டார். இத்தாலியில் பிறந்து பாரீஸில் வாழ்ந்து 35 வயதில் இறந்துபோன மோடிலியானி இப்படித்தான் பல முகங்களுக்குக் கருவிழி வைக்காமல் விட்டார், நீளக் கழுத்துக்கும் அவர் பேர்போனவர், நம் ஆள் அவரைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கண்ணாடிக்குள் கருவிழியை எடுப்பது வேறு வேலை. அவள் முகம் நமக்குத் தெரிய வேண்டும், நாம் நிற்பது அவளுக்குத் தெரியக் கூடாது. அவளைச் சங்கடப்படுத்தாமல் நம்மை உள்ளே விட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று வருகிறது, மன்னியுங்கள். நான் தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் வளர்ந்தவன். எட்டுக் குடித்தனம், ஓர் அடிபம்பு, ஆளுக்கு ஓர் அறை, அந்த அறையிலேயே சமையல், படிப்பு, தூக்கம், சண்டை எல்லாம். என் அம்மா மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வேலை எல்லாம் முடிந்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முடியை முன்னால் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் சிக்கெடுப்பார். அறையில் நான், தம்பி, தாத்தா எல்லாரும் இருப்போம். ஆனால் அம்மா முதுகைத் திருப்பிவிட்டால் அந்த அரை மணி நேரம் அவர் அறையில் இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தராமலேயே தெரியும். சாப்பாடு கேட்க மாட்டோம், பேனா கேட்க மாட்டோம். கதவு இல்லாத வீட்டில் முதுகுதான் கதவு. வடசென்னையில் வளர்ந்த பாதிப் பேருக்கு இது புரியும், தனித்தனி பெட்ரூம் வைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு பெண் தலை வாருகிறாள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் போகலாம்.

சரி, செருப்பு. மாமியாரும் நாத்தனாரும் இரண்டு நாவல் எழுதிவிட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, 1434ல் வான் ஐக் என்பவர் ஒரு கணவன் மனைவியை அவர்கள் அறையில் வைத்து வரைந்தார், கீழே ஓரத்தில் ஒரு ஜோடி மரச்செருப்பு கழற்றிக் கிடக்கும், பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி, அதில் வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேர் தெரிவார்கள். அந்தச் செருப்புக்கு என்ன அர்த்தம் என்று அறிஞர்களே இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான், செருப்பின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது? போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்பக்கம், அவள் இருக்கும் பக்கம். நம் வீடுகளில் புறப்படத் தயாராக இருப்பவர் செருப்பைத் திருப்பிப் போட்டிருப்பார், உள்ளே வந்தவர் வந்த வாக்கிலேயே கழற்றிவிட்டிருப்பார். உள்ளே யாரோ ஒளிந்திருந்தால் செருப்பு அறைக்குள்ளோ கதவோரமோ இருக்க வேண்டும். இது படத்தின் கீழ் விளிம்பில், நம் காலடியில் கிடக்கிறது. அதாவது கழற்றியவன் நிற்கும் இடமும் நாம் நிற்கும் இடமும் ஒன்று. வீட்டுக்கு வந்தான், செருப்பைக் கழற்றினான், அவள் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், கூப்பிடாமல் நின்றுவிட்டான். படம் அந்த ஒரு நிமிஷம். நாத்தனார் சொல்வதுபோல் இறந்தவன் செருப்பு என்றும் வாசிக்கலாம், ஆனால் அதற்குப் படத்தில் வேறு துணை ஏதாவது வேண்டும், ஒரு மாலையோ, விளக்கோ, வெறும் ஆணியோ. எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

அவன் யார், அவள் யார் என்றால், பெயர் கிடையாது. பெயர் இருக்கவும் கூடாது. நம் ஆட்கள் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார்கள். அகம் என்றால் உள்ளம், அகம் என்றால் வீடும்தான் (ஆத்துக்காரர் என்பது அகத்துக்காரர்தானே). அகப்பாட்டில் வருகிறவர்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே போட்டிருக்கிறது. தலைவி, தலைவன், தோழி, செவிலி, அவ்வளவுதான். போரில் ஜெயித்தவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. வீட்டுக்குள் நடப்பதற்குப் பெயர் போட்டால் அது வம்பு. அந்தக் கொக்குக் கழுத்து, முழங்கை இல்லாத கை, பச்சை உடம்பு எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி. போட்டோ மாதிரி அச்சு அசலாக வரைந்திருந்தால் அது ராயபுரத்தில் ஏதோ ஒரு தெருவில் இருந்த ஒரு குறிப்பிட்ட அம்மாவாக இருந்திருக்கும், நாம் எட்டிப் பார்த்தவர்கள் ஆகியிருப்போம்.

மாமியாருக்காக ஒரு சமாதானம்: ஹாலில் வாசலுக்கு நேரே மாட்டாதீர்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, வாசல் வழியாக வரும் கடல் உப்புக்காற்று ராயபுரத்தில் கம்பியையே தின்றுவிடுகிறது, துணியையும் சட்டத்தில் அடித்த ஆணியையும் விடுமா? அடுப்புப் புகை படாத, வெயில் நேராக விழாத உள்சுவர் போதும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பளபளப்புக்கு எண்ணெய் தடவ வேண்டவே வேண்டாம், மெத்தென்ற காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். ஒருமுறை படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள், ஏதாவது எழுதியிருக்கலாம், கடைச் சீட்டு ஒட்டியிருக்கலாம்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். எந்த ஓவியப் புத்தகத்தைத் திறந்தாலும் பெண் குளிக்கிறாள், தலை வாருகிறாள், புடவை மாற்றுகிறாள். வரைந்தது ஆண். இதைக் கலை என்று சொல்வதா, எட்டிப் பார்ப்பது என்று சொல்வதா?
— பெரம்பூர் வாசகி

பதில்: பாதிக்குப் பாதி எட்டிப் பார்ப்பதுதான், மழுப்ப மாட்டேன். குளிக்கிற, தலை வாருகிற பெண்களை வரைந்து தள்ளிய பிரெஞ்சு ஓவியர் டேகா, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல என்று தானே சொல்லிக்கொண்டதாகச் சொல்வார்கள். நம் ரவி வர்மாவுக்கு 1873ல் மெட்ராஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கித்தந்த படமே ஒரு நாயர் பெண் தலையில் பூ வைத்துக்கொள்வதுதான், அதில் அவள் தனியாகவா இருக்கிறாள்? யாரோ பார்ப்பது தெரிந்த மாதிரி, கை எங்கே இருந்தால் அழகோ அங்கே இருக்கும். அந்தத் துணி, அந்தப் பூ, அந்தத் தோல், தொட்டால் ஒட்டும் போல வரைந்திருப்பார், கைவேலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த அறை நமக்காகப் போட்ட மேடை.

இதற்குப் பக்கத்தில் அம்ரிதா ஷெர்கில் 1937ல் வரைந்த மணப்பெண் அலங்காரத்தை வைத்துப் பாருங்கள். அஜந்தாவைப் பார்த்துவிட்டு, தெற்கே சுற்றிவிட்டுப் போய் வரைந்தது, அவருக்கு அப்போது 24 வயது, 28ல் இறந்துவிட்டார். கல்யாணப் பெண் நடுவில் இருக்கிறாள், சுற்றிலும் பெண்கள், உருவமெல்லாம் தட்டையாக, கனமாக, அஜந்தா சுவரிலிருந்து இறங்கி வந்தது போல. கல்யாணப் பெண்ணிடம் துளி சந்தோஷம் இல்லை. யாரும் நமக்காக உட்காரவில்லை. அந்த அறையில் பேச்சு நின்றுபோயிருக்கிறது, ஏன் என்று நமக்குச் சொல்லவும் அவர்களுக்கு விருப்பம் இல்லை. பெண் வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்து பழகியவர் வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அதே மாதிரி மேரி கசாட் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1890ல் பாரீஸில் நடந்த ஜப்பானிய அச்சுப்படக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் பத்து வண்ண அச்சுப்படங்கள் செய்தார். ஒருத்தி கடித உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டுகிறாள், ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், ஒருத்தி முதுகைக் காட்டிக் குனிந்து கை கழுவுகிறாள். கோடும் தட்டையான வண்ணமும்தான், நிழல் கிடையாது. கடிதம் ஒட்டுகிறவள் என்ன நினைக்கிறாள் என்று நான் ஒரு முழு ராத்திரி யோசித்திருக்கிறேன்.

ஆணை வரைந்ததே இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். கைபோத் என்பவர் 1884ல் ஓர் ஆண் குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைப்பதை வரைந்தார். 1888ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு அனுப்பினால், அதை யாரும் எளிதில் போக முடியாத ஒரு சின்ன அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். பெண் துடைத்தால் ஹால், ஆண் துடைத்தால் ஸ்டோர் ரூம்!

நேரில் பார்க்க வேண்டும் என்றால் ரவி வர்மாவின் படங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. கோடுகளையும் தட்டையான வண்ணத்தையும் வைத்து நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். 1850ல் தொடங்கிய நம் ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966ல் உருவாக்கிய ஓவியர் கிராமம் அது. பெரம்பூரிலிருந்து தூரம்தான், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பழைய சாமான் கடையில் ஒரு படம் வாங்கினேன், ஜன்னலோரம் பூ கட்டும் பெண். கையால் வரைந்தது என்று சொல்லி விற்றார். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வியாசர்பாடி வாசகர்

பதில்: வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் அவர் லென்ஸை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிப் பாருங்கள். முகத்தின் தோல் நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாக, வரிசை மாறாமல் தெரிந்தால் அது ஆப்செட் அச்சு. கையால் வரைந்ததில் புள்ளி வரிசை இருக்காது. அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள், எண்ணெய் வண்ணமாக இருந்தால் பிரஷ் போன தடம் மேடு பள்ளமாகத் தெரியும். மேடு இருக்கிறதே என்று உடனே சந்தோஷப்பட வேண்டாம், அச்சுக்கு மேலேயே வார்னிஷைக் கோடு கோடாகத் தடவி விற்பவர்களும் உண்டு, மேடும் வண்ணமும் ஒரே திசையில் போகின்றனவா என்று பார்க்க வேண்டும், பூவின் இதழ் வளைகிற இடத்தில் பிரஷ் தடமும் வளைய வேண்டும். அச்சு என்றே தெரிந்தாலும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். படம் பிடித்துத்தானே வாங்கினீர்கள்?

கேள்வி: நான் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஒன்பது வயசுப் பெண், நான் வீட்டில் உட்கார்ந்து மீன் கழுவுவதை வரைந்திருக்கிறாள். எனக்கு மூணு கை போட்டிருக்கிறாள், தலை சட்டி மாதிரி பெருசு. பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளைக்குக் கண்ணில் கோளாறா பாரு என்கிறார். பயமாக இருக்கிறது.
— காசிமேடு வாசகி

பதில்: பள்ளியில் போர்டு தெரியவில்லை என்று அவள் சொன்னால் கண்ணைக் காட்டுங்கள், இந்தப் படத்துக்காக வேண்டாம். பெரிய தலை எல்லாக் குழந்தைகளும் போடுவதுதான், அவர்கள் பார்ப்பது அம்மாவின் முகத்தைத்தானே. மூன்றாவது கையில் என்ன இருக்கிறது என்று கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ஒரு கை மீனைப் பிடிக்கும், ஒரு கை அரிவாள்மனைப் பக்கம் இருக்கும், மூன்றாவது பூனையை விரட்டுகிறதா, போனைக் காதில் வைத்திருக்கிறதா, இல்லை அவள் பக்கம் நீண்டிருக்கிறதா? அவளிடமே கேளுங்கள், திட்டுகிற குரலில் வேண்டாம். சொன்னதைப் படத்தின் பின்னால் தேதி போட்டு எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு போஸ்ட்கார்டு போடுங்கள்.